கையுறைக்குள் மறைந்துபோன தெரு

போன வாரம் ஒரு மாணவியின் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போட்டு அரை மார்க் குறைத்தேன். வட்டம் போட்டது என் தப்பு. அது எனக்கு விளங்க ஒரு ராத்திரி ஆனது.

குன்னூரில், பெட்ஃபோர்டுக்குக் கொஞ்சம் கீழே ஒரு மாடி அறையில், வங்கித் தேர்வும் எஸ்.எஸ்.சி.யும் எழுதுகிற பிள்ளைகளுக்கு சாயங்காலத்தில் இங்கிலீஷ் எடுக்கிறேன். அன்றைக்கு மரபுத்தொடர்கள். ‘ரன் தி காண்ட்லெட்’, அதாவது கடும் எதிர்ப்பைச் சந்தித்தல் என்பதை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். ஜெகதளாவிலிருந்து வருகிற பெண் ஒருத்தி நல்ல வாக்கியம்தான் எழுதியிருந்தாள். ஆனால் அந்தச் சொல்லில் ‘யு’ இல்லை. ஜி, ஏ, என், டி, எல், இ, டி. வட்டம் போட்டுவிட்டு, “காண்ட்லெட்னா இரும்புக் கையுறை. பழைய காலத்துப் போர்வீரன் போட்டுக்கிறது. யு இல்லாம எழுதக்கூடாது” என்றேன்.

“ரெண்டும் சரின்னு டிக்‌ஷனரியில இருக்கு சார். கையுறைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னும் போட்டிருக்கு” என்றாள். போனை நீட்டினாள். நேரமாகிவிட்டது, கடைசி பஸ்ஸுக்குப் போகிற பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அவள் சொன்னதுதான் சரி.

கையுறை ஒரு சொல். இரண்டு வரிசை ஆட்களுக்கு நடுவில் விட்டு அடிக்கிற ஒரு தண்டனை, அது வேறொரு சொல். கையுறை பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே ‘கான்’ என்றால் கையுறை, அதிலிருந்து பிறந்ததுதான் காண்ட்லெட். சவாலுக்கு அழைக்கிறவன் அதைக் கழற்றி எதிராளியின் முன்னால் போடுவான், எடுத்தால் சண்டைக்குச் சம்மதம். ‘த்ரோ டவுன் தி காண்ட்லெட்’ என்ற மரபுத்தொடர்தான் இந்தச் சொல்லுக்கு உரியது. நாம் ஓடுகிற காண்ட்லெட் சுவீடனிலிருந்து வந்தது. ‘காட்லொப்’ என்பது அதன் மூலம். ‘காட்டா’ என்றால் தெரு, சந்து. ‘லொப்’ என்றால் ஓட்டம். தெருவோட்டம், அவ்வளவுதான்.

1618-லிருந்து 1648 வரை ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில், 1630-ல் சுவீடன் அரசர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் ஜெர்மன் மண்ணில் படையோடு இறங்கினார். அவர் படையில் கூலிக்குச் சேர்ந்த ஸ்காட்லாந்துக்காரர்களும் இங்கிலாந்துக்காரர்களும் நிறையப் பேர். போரோடு இந்தத் தண்டனையும் அதன் பேரும் இங்கிலீஷுக்குள் வந்தன. 1640-களில் அதைக் ‘கேன்ட்லோப்’ என்று எழுதினார்கள். கடைசியில் இருந்த ‘லோப்’ யாருக்கும் புரியவில்லை. காதுக்குப் பழகிய கையுறைச் சொல் பக்கத்திலேயே இருந்தது. சில பத்தாண்டுகளுக்குள் தண்டனை கையுறையின் எழுத்தைப் போட்டுக்கொண்டுவிட்டது. யு இல்லாத எழுத்தும் கூடவே நடந்து வந்தது. தண்டனைக்கு யு இல்லாமல்தான் எழுதவேண்டும் என்று பிடிவாதமாக இருந்த அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர்கள் உண்டு. குறுகலான பாலத்திலோ சுரங்கத்திலோ இரண்டு ரயில் பாதைகளை ஒன்றுக்குள் ஒன்று நெருக்கிப் போடுவார்கள், அதற்கும் இதே பேர்தான். அங்கேயாவது சந்து என்ற பொருள் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இங்கிலாந்தில் யார்க் நகரத்தின் பழைய தெருக்கள் பலவற்றின் பேர் ‘கேட்’ என்று முடியும். வாசலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்காண்டினேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் விட்டுப்போன அதே தெருச்சொல்தான் அது.

சந்தி சிரித்துப்போச்சு, மானம் தெருவுக்கு வந்துடுச்சு என்று நாமும் சொல்கிறோம். கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவதும் தெருவில்தான். ஆனால் அங்கே தெருவில் நிற்கிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். காட்லொப்பில் நிற்கிறவர்கள்தான் தெருவே. படைவீரர்கள் எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்பார்கள், கையில் பிரம்பு இருக்கும். குற்றவாளி சட்டையில்லாமல் நடுவில் போகவேண்டும். வேகமாக ஓடித் தப்பிக்க முடியாது. பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு அதிகாரி அவன் நெஞ்சுக்கு நேராக வாளை நீட்டியபடி முன்னால் பின்னோக்கி நடப்பார். அங்கே பெரும்பாலும் கூட இருக்கிற மாலுமியின் பொருளைத் திருடியவனுக்குத்தான் இந்தத் தண்டனை. கப்பலில் கூட இருக்கிற மாலுமிகளே கயிற்றால் அடிப்பார்கள். 1806-ல் அதை நிறுத்தினார்கள். ரஷ்யாவில் 1863 வரை இருந்தது. ஆயிரம் பேர் நிற்கிற வரிசைக்குள் இத்தனை தடவை என்று கணக்கு வைத்து அனுப்புவார்கள். பிழைக்காதவர்கள் உண்டு. ஆனால் யார் அடித்த அடியில் செத்தான் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. பேர் தெரியாமல் இந்தத் தண்டனையை நான் பார்த்திருக்கிறேன்.

என் பெற்றோர் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை. தோட்டத்து வீட்டை எங்கள் வீட்டில் இன்றைக்கும் லயம் என்றுதான் சொல்வோம். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது, ஒருத்தனுடைய ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து இரண்டு ரூபாய் காணாமல் போனது. என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிற பையன்தான் எடுத்தான் என்று முடிவாயிற்று. யார் முடிவு செய்தார்கள் என்று ஞாபகமில்லை. வாத்தியார் எங்களை வராந்தாவிலிருந்து கொடிக்கம்பம் வரைக்கும் இரண்டு வரிசையாக நிற்க வைத்தார். ஆளுக்கு ஒரு கொட்டு. கொட்டாதவன் அடுத்து நடுவில் நடக்கணும்.

நவம்பர் மாதம். கொடிக்கம்பம் மஞ்சில் தெரியவில்லை. அவன் மங்கி குல்லா போட்டிருந்தான், பழுப்பு நிறம், அவன் அக்கா பின்னியது. அதைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி நாலாக மடித்து இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். குல்லாவின் கம்பளி, தலைமுடியைக் குத்திட்டு நிற்க வைத்திருந்தது. அப்படியே நடந்து வந்தான். ஓடவில்லை. என்னிடம் வந்தபோது மெதுவாகக் கொட்டினேன், தொட்ட மாதிரிதான். “சத்தமே கேக்கலையே” என்றார் வாத்தியார். அவனை ஒரு அடி பின்னால் வரவைத்தார். மறுபடி கொட்டினேன்.

இந்த மரபுத்தொடர் இன்றைக்குச் செய்தித்தாளில் தினமும் வருகிறது. நடிகர் நிருபர்களுக்கு நடுவில் காண்ட்லெட் ஓடினார், அமைச்சர் போராட்டக்காரர்களுக்கு நடுவில் ஓடினார். எல்லா வாக்கியத்திலும் ஓடுகிறவர்தான் எழுவாய். வரிசையில் நின்றவர்களுக்கு அந்தத் தொடரில் இடமே இல்லை. நான் இத்தனை வருஷமாகக் ‘கடும் எதிர்ப்பைச் சந்தித்தல்’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த தொடருக்குப் போயிருக்கிறேன். கையுறை என்றதும் ஒரு வீரன்தான் கண்முன் வருகிறான். தெரு என்று சொல்லியிருந்தால், இரண்டு பக்கமும் நின்றது யார் என்று ஒரு பிள்ளையாவது கேட்டிருக்கும்.

மறுநாள் அவள் நோட்டை வாங்கி என் வட்டத்தை அடித்துவிட்டு அரை மார்க்கைத் திரும்பப் போட்டேன். அவள் எழுதியது சரி, நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பலகையில் காட்டா, லொப் இரண்டையும் எழுதினேன். பிறகு வராந்தாவையும் குல்லாவையும் சொன்னேன்.

வெளியே மழை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஜன்னலோரத்துப் பையன்தான் கேட்டான்: “நீங்களும் அடிச்சீங்களா சார்?”

“அடிச்சேன்பா” என்றேன். “ரெண்டாவது தடவை சத்தம் வர்ற மாதிரி.”