தாராவாவில் முதல் ஊழியம் தண்ணீர்த் தொட்டிக்கு

பசிபிக் நடுவில் கிரிபட்டி என்று எழுதி கிரிபாஸ் என்று சொல்லும் நாடு. தலைநகரம் தெற்குத் தாராவா. அங்கே ஏய்ட்டா என்ற ஊரில் மார்மன் கிறிஸ்தவ சபையின் மொரோனி உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் சொந்தச் செலவில் 6 மாதம் முதல் 23 மாதம் வரை ஊழியத்துக்குப் போகும் வழக்கம் அந்தச் சபையில் உண்டு. கணவர் ‘எல்டர்’, மனைவி ‘சிஸ்டர்’. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கணக்கு வழக்கு, வீடு சந்திப்பு என்று வேலைகள் காகிதத்தில் வரிசையாக இருக்கும். போய் இறங்கியதும் இருவருக்கும் உண்மையான மேலதிகாரி யார் என்று தெரிந்துவிடும்: தகரக் கூரை.

தாராவாவில் ஆறும் இல்லை, குளமும் இல்லை. பவள மணலுக்கு அடியில், உப்புநீரின் மேல் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய அடுக்காக மிதக்கிறது. பம்பு வைத்து ஆத்திரத்தோடு இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். சட்டைக்கு சோப்பைத் தேய்த்தால் நுரைக்குப் பதில் தயிர்த்திரி போல ஏதோ வரும். பக்கத்துக் கழிப்பறைகளின் கசிவும் அதில் சேர்வதால் குடிக்க லாயக்கில்லை. நிலத்தடி நீர் எடுக்கும் போன்ரிக்கியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர், வரும்போது வரும். ஆகவே மழைதான் கதி.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 600 லிட்டர். தெறிப்பும் ஒழுக்கும் போக 480 தேறும். 5,000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால், ஆளுக்கு 30 லிட்டர் வீதம் இரண்டு பேருக்கு 80 நாளைக்கு மேல் தாங்கும். நடுப் பசிபிக் கடல்நீர் குளிர்ந்துபோகும் லா நினா ஆண்டில் இந்த 80 நாளைக் கஞ்சன் காசைப்போல எண்ணிச் செலவழிக்க வேண்டும். அப்போது அங்கே மாதக்கணக்கில் வானம் வறண்டு கிடக்கும்.

வினை இருப்பது முதல் மழையில். கூரையில் உதிர்ந்த இலை, பல்லி எச்சம், கோழி எச்சம், பூனை விட்டுப்போன மீன்முள் எல்லாம் ஊறிக்கொண்டிருக்கும். அந்த அழுக்குத் தண்ணீர் தொட்டிக்குள் போகாமல் தடுக்க, கூரைக் குழாயிலிருந்து ஒரு பிவிசி குழாயைக் கீழ்நோக்கி இறக்கி, நுனியை மூடி போட்டு அடைப்பார்கள். முதலில் அது நிறையும். பிறகு வரும் தெளிந்த நீர்தான் தொட்டிக்குப் போகும். சதுர மீட்டருக்கு அரை லிட்டராவது கழிக்க வேண்டும் என்றால் 60 சதுர மீட்டருக்கு 30 லிட்டர். 100 மில்லிமீட்டர் குழாயில் மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் பிடிக்கும். அதனால் நாலு மீட்டர் நீளம் தேவை. சுவரே மூன்று மீட்டர் என்றால் மிச்சத்தைத் தரையோடு மடக்கிக்கொண்டு போகலாம். மூடியில் ஒரு சிறு துளை போடுவது கட்டாயம். சேர்ந்த அழுக்கு மெல்லச் சொட்டிக் காலியானால்தான் அடுத்த மழைக்கு இடம் இருக்கும். இந்தத் துளைதான் மணல் புகுந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தது வெளியே தெரியாது. குழாய் நிறைந்தபடியே நிற்க, அடுத்த மழையின் கோழி எச்சம் நேராகத் தொட்டிக்குள் இறங்கும். வாரம் ஒருமுறை ஆணியால் குத்திவிட்டால் போதும். இன்னொன்று: தொட்டிக்குள் தண்ணீர் போகும் வாய்க்கு எல்லோரும் கொசுவலை கட்டுவார்கள், வழிந்தோடும் குழாயை மறந்துவிடுவார்கள். டெங்குக் கொசுவுக்கு வாசல் எதுவானால் என்ன?

சரி, மேகம் கறுக்கிறது. கூரை ஓடையில் கிடக்கும் இலையை அள்ள வேண்டும். ஏணியைக் காணோம்.

ஏணி திருடு போகவில்லை. ‘புபுத்தி’யில் போயிருக்கிறது. உறவோ நட்போ, ஒருவர் முறையாக வந்து ஒரு பொருளைக் கேட்டால் இல்லை என்று சொல்வது அங்கே பெரிய வெட்கக்கேடு. குடை, ஸ்பானர், வாளி என்று ஒவ்வொன்றாகப் புறப்படும். வெளிநாட்டுக்காரர் மறுத்தால் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்வார்கள். ஆனாலும் மறுத்துவிட்டு அடுத்த ஞாயிறு அதே முகத்தைப் பார்ப்பது சுலபமில்லை. அனுபவசாலிகள் செய்வது இரண்டு: ஆசைகாட்டும் பொருளை முற்றத்தில் வைப்பதில்லை, தாங்களும் கூச்சமில்லாமல் மீன் கேட்பார்கள், கூரை சரிசெய்ய ஆள் கேட்பார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இது இருவழிப் பாதை என்று உறைக்கவே மாசக்கணக்காகும்.

ஏணி போன இடம் பெரும்பாலும் மனேபா. ஊர்ப் பொது மண்டபம். விருந்துக்குத் தோரணம் கட்ட ஏணி வேண்டாமா? எல்டர் அதைக் கேட்கப் புறப்படுவார். வழியில் நாய்கள். ‘கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்’ என்ற பழமொழி தாராவாவில் செல்லாது. தரை முழுக்கப் பவளக் கல்தான். குனிந்து எடுப்பதுபோல் பாவனை செய்தாலே நாய் ஓடிவிடும்.

மனேபாவின் கூரை விளிம்பு தாழ்ந்து வரும். குனிந்துதான் நுழைய முடியும். நுழைந்தபின் ‘ஏணியை எடுத்துக்கொண்டு போகிறேன்’ என்பதெல்லாம் நடக்காது. நரைத்த தலையைக் கண்டதும் ஊர்ப் பெரியவர்களுக்குப் பக்கத்தில் பாய் போட்டுவிடுவார்கள். சம்மணம் போட வேண்டும், காலை நீட்டக் கூடாது. எழுபது வயது முழங்கால் ஒத்துழைக்காதபோது லவாலவா என்ற இடுப்புத் துணியை மடியில் பரப்பி, அதற்கடியில் காலை ரகசியமாக மாற்றிக்கொள்வது பழைய ஆட்களின் வித்தை. தலையில் பூவளையம் ஏறும். கழுத்தில் டால்கம் பவுடர் கொட்டப்படும், சட்டையில் சென்ட் பீய்ச்சப்படும். விருந்தாளி முதலில் சாப்பிட்டால்தான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். ஆகவே பசியில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. கரேவே என்ற தென்னைப் பதநீரைக் கொடுத்தால் எப்போது இறக்கியது என்று கேட்டுக்கொள்வது மது தொடாத மார்மன்களுக்கு நல்லது; காலையில் இறக்கியது பதநீர், மறுநாள் அது கள். கடைசியில் பேச்சு. ‘கம் ந மௌரி’ (வணக்கம்) என்று தொடங்கி, ‘தே மௌரி, தே ராஓய் ஆஓ தே தபொமோவா’ (நலம், அமைதி, வளம்) என்று முடித்தால் இடையில் உளறியதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். முடிந்ததும் ட்விஸ்ட் ஆட யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள்; மறுப்பது மரியாதை அல்ல.

1857இல் பக்கத்து அபையாங் தீவுக்கு மிஷனரிகளாக வந்த ஹைராம் பிங்ஹம், கிளாரா தம்பதி உடல்நலம் கெட்டு ஹொனலுலு போய், அங்கிருந்துதான் அந்த நாட்டு மொழியான கில்பர்ட் மொழியில் முழு பைபிளையும் மொழிபெயர்த்து முடித்தார்கள். எழுத உட்கார நேரம் அங்கேதான் கிடைத்திருக்கும்.

ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது மழை கொட்டும். ஊரே மகிழும். வீட்டில் சிஸ்டர் தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றிவிட்டு, முதல் பத்து நிமிடத் தண்ணீரை முற்றத்தில் ஓடவிட்டிருந்தால் பிழைத்தார்கள். இல்லையென்றால் தொட்டியைக் கலக்காமல் ஒருநாள் படியவிட்டு, அடியிலிருந்து பத்து சென்டிமீட்டர் மேலே உள்ள குழாயில்தான் பிடிக்க வேண்டும். குடிப்பதற்கு ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடலாம். கேஸ் தீர்ந்திருந்தால் வாசனை சேர்க்காத பிளீச், லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரைமணி நேரம் மூடிவைத்தால் போதும்.

ஏணி இன்னும் மனேபாவில்தான். இன்னொன்று வாங்கலாம், அடுத்த கப்பலில் வந்தால். அப்படி வந்தால் மனேபாவில் இரண்டு ஏணி இருக்கும். தோரணமும் சீக்கிரம் கட்டி முடியும்.