தனியா போட்டும் கொத்தமல்லி முளைக்கலையா?

மளிகைக் கடைத் தனியா ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விதை ஒட்டிக்கொண்டிருக்கும். முழுசாகப் போட்டால் முளைப்பு மந்தம். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டுங்கள், இரண்டாகப் பிளந்தால் போதும். நொறுங்கினது ரசப்பொடிக்கு! ஓர் இரவு ஊறவைத்து, தூவி, அரை அங்குலம் மண் மூடுங்கள். முளை தெரிய 8 முதல் 12 நாள் ஆகும். நாலாம் நாளே கிளறிப் பார்க்காதீர்கள்.

ஆணிவேர்ச் செடி. பிடுங்கி நட்டால் சுணங்கும், அதனால் வளரப்போகும் தொட்டியிலேயே விதையுங்கள். ஆழம் 6 அங்குலமாவது வேண்டும். கோடையில் காலை வெயில் மட்டும் போதும். உச்சி வெயில் பட்டால் சீக்கிரமே பூவுக்கு ஓடிவிடும். புது இலை சோம்புச் செடி மாதிரி நூல்நூலாக வந்தால் அதுதான் அறிகுறி. அப்புறம் உரம் போட்டுப் பயனில்லை, விதைக்கு விட்டுவிடுங்கள்.