வாஸ்க்ஸை அடியிலிருந்து கேளுங்கோ

லத்விய இசையமைப்பாளர் பேற்றெரிஸ் வாஸ்க்ஸைப் போன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "வயலின் மட்டும் கீச்சிடுது, வேறை ஒண்டும் இல்லை" என்று நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். பிழை இசையில் இல்லை, ஸ்பீக்கரில். வயலின் குடும்பத்தின் ஆகப் பெரிய வாத்தியமான டபிள் பேஸின் ஆகக் கீழ்த் தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. வயலினின் ஆகக் கீழ்ச் சுரமே 196 தான். போனின் சின்ன ஸ்பீக்கர் அந்த அடிப்பகுதியை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். வாஸ்க்ஸோ டபிள் பேஸ் வாசித்துச் சீவித்தவர். அடி இல்லாமல் அவரைக் கேட்பது அத்திவாரத்தை விட்டுவிட்டுக் கூரையைப் பார்க்கிற மாதிரி.

அந்த வாத்தியம் அவர் கைக்கு வந்ததும் அரசியலால்தான். 1946 ஏப்ரல் 16 அன்று அய்ஸ்புத்தே என்ற சிறு பட்டினத்தில் பிறந்தார். தகப்பன் பப்ரிஸ்த சபைப் போதகர். சோவியத் ஆட்சியில் போதகரின் பிள்ளை என்பது கதவடைக்கப் போதுமான குற்றம். சொந்த நாட்டில் உயர்கல்விக்கு வழி அடைபட, பக்கத்து லித்துவேனியாவின் வில்னியஸுக்குப் போய் 1970 வரை டபிள் பேஸ் படித்தார். அங்கே போலந்தின் புதிய இசை, குறிப்பாக லுற்றோஸ்லாவ்ஸ்கியின் இசை, லத்வியத் தலைநகர் ரீகாவைவிடச் சுலபமாகக் காதில் விழுந்தது. இசைக்குழுக்களில் வாசித்துத் திரிந்து, 1973இல்தான் ரீகாவில் வாலன்ரின்ஸ் உத்கின்ஸிடம் இசையாக்கம் படிக்கச் சேர்ந்தார், 1978இல் முடித்தார். முப்பது வயது தாண்டித்தான் பெயர் வெளியே வந்தது.

முதலில் கேட்க வேண்டியது 1979இல் தந்திக் குழுவுக்கு எழுதிய 'கன்ராபிலே', எட்டு நிமிடம்தான். சங்கராபரணச் சுரங்களில் பழகிய காதுக்கு அந்நியமாக இராது, ஆனால் கமகத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். ஒரு சுரம் அசையாமல் நீளும், அதன்மேல் இன்னொன்று வந்து படியும். கீழே நீளுகிற சுரத்தைச் சுருதிப்பெட்டி என்று எண்ணிவிடாதேங்கோ. அது மெல்ல இடம் மாறும். அது மாறுகிற கணத்தில், மேலே அதே சுரம் நின்றாலும் நிறம் வேறாகிவிடும். அதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மெதுவான இசைதானே, பிள்ளைகளுக்குச் சுகமாக இருக்கும் என்று வாசிக்க எடுத்தால் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, வில் தீர்ந்துபோகும். எல்லாரும் ஒரே நேரத்தில் வில்லைத் திருப்பினால் ஒலியில் ஓட்டை விழும். பக்கத்தில் இருக்கிற இருவரும் வேறு வேறு நேரத்தில் திருப்ப வேண்டும். சேர்ந்து பாடுகிறவர்களுக்கும் இதுவே விதி. 1996இல் எழுதிய 'தோனா நோபிஸ் பாச்செம்' கால் மணித்தியாலம் அளவுக்கு அந்த மூன்று லத்தீன் சொற்களையே பாடுகிறது. 'எமக்குச் சமாதானம் தாரும்' என்பது பொருள். மடு மாதா கோயிலில் பூசை கண்டவர்களுக்குப் புதிய வேண்டுதல் அல்ல. அதில் மூச்சை ஆளுக்காள் மாற்றி எடுக்காவிட்டால் வசனம் உடையும், சுருதியும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும்.

இரண்டாவது சறுக்கல் இன்னும் மோசம். சகோதரியின் மரணத்துக்குப் பிறகு 1983இல் எழுதிய 'மூசிக்கா தொலொரோசா'வின் உச்சத்தில் தாளம் கலைந்துவிடும். சில சுரங்களைக் கொடுத்து, அவரவர் தன் வேகத்தில் திருப்பித் திருப்பி வாசிக்கச் சொல்கிற முறை அது, லுற்றோஸ்லாவ்ஸ்கி வழியாக வந்தது. சேர்ந்து வாசித்தே பழகியவர்கள் தம்மை அறியாமல் பக்கத்து ஆளின் காலப்பிரமாணத்தில் ஒட்டிக்கொள்வார்கள். கதறல் வரவேண்டிய இடத்தில் பயிற்சி வகுப்புச் சத்தம் வரும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறவர்களை வேண்டுமென்றே வேறு வேறு வேகத்தில் தொடங்க வைப்பதுதான் மருந்து.

வயலினுக்கும் டபிள் பேஸுக்கும் இடைப்பட்ட அளவுள்ள செலோவுக்கு மட்டும் 1978இல் எழுதிய 'கிராமத்தா செல்லம்' இரண்டு பகுதி கொண்டது. முதலாவது உரத்தது, இரண்டாவது மிக மெல்லியது. இரண்டாவதில் செலோ வாசிப்பவரே சொல்லில்லாமல் பாடவும் வேண்டும். பாடிக்கொண்டே வயலின் பழகிய நம்மவர்களுக்கு அந்தப் பகுதி சட்டென்று ஒட்டும்.

பெரியது என்றால் 'தாலா கைஸ்மா'. தூரத்து ஒளி என்று பொருள். வயலின் கலைஞர் கிதோன் கிரேமருக்காக 1996, 1997இல் எழுதிய வயலின் கொன்சேர்ற்றோ (தனி வயலினும் குழுவும் சேர்ந்து வாசிக்கிற ஆக்கம்), ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க்கில் முதல் அரங்கேறியது. அரை மணித்தியாலம் அளவில், இடையில் நிறுத்தம் இல்லை. வயலின் தனியே நிற்கிற கதென்சா மூன்று. நமது தனி ஆவர்த்தனத்தோடு ஒப்பிடத் தோன்றும், ஆனால் இங்கே தாளக்கணக்கு இல்லை. மூன்றாவது கதென்சாவை எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கோ. அதற்குப் பிறகு குழு முழுவதும் தாளம் கலைந்து வெடிக்கும், பிறகு வால்ஸ் என்ற நடன இசை, பிறகு தொடக்கத்தின் அமைதி.

தொடக்கம் கேட்காதென்று ஒலியைக் கூட்டிவைத்தால் அந்த வெடிப்பில் காது போய்விடும். முதலில் மூன்றாவது கதென்சாவுக்குப் பின்னுள்ள இடத்துக்குத் தள்ளிப் போய், அங்கே தாங்கக்கூடிய அளவில் ஒலியை நிறுத்துங்கோ. பிறகு முதலுக்கு வந்து, தொடக்கம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கூட்டாமல் கேளுங்கோ. வயர் உள்ள ஹெட்போன் காணும். 'பேஸ் பூஸ்ற்' போடாதேங்கோ: அடி வேண்டும் என்றேன், வீங்கிய அடி அல்ல. விளம்பரம் குறுக்கே வராதபடி முன்கூட்டியே இறக்கி வையுங்கோ.

நேரம்தான் வன்னியில் பெரிய பிரச்சினை. காலபோக அறுவடையில் வெட்டு மெசின் இரவிலும் ஓடும், சிறுபோகத்தில் தண்ணி மெசின். இரண்டுமே டபிள் பேஸின் இடத்தைத்தான் மூடுகின்றன, வயலினை அல்ல. விடியப்புறம் நாலு மணி நல்லது, கோயில் ஸ்பீக்கர் தொடங்க முன்னம். கடைசிச் சுரம் இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமலே மறையும். அடுத்த பாட்டு தானாகத் தொடங்குகிற வசதியை முன்னமே நிறுத்தி வையுங்கோ.