கடைசி பதினொன்று

ஆகஸ்ட் 5, இரவு

மொத்தம் 38. எல்லாம் கிடாத் தோல், சராசரி இரண்டரை கிலோ. 95 கிலோ பச்சைத் தோலுக்குப் பாதி எடை உப்பு என்று வைத்தால் 47, 48 கிலோ போகும். இருப்பது 50 கிலோ மூட்டை ஒன்றுதான். மறு உப்புக்கு, அதாவது இரண்டாம் தரம் போடுவதற்கு, மிஞ்சாது. நாளைப் படகில் இன்னொரு மூட்டை வர வேண்டும்.

27 தோல் மதியத்துக்குள் வந்து, உரித்த இரண்டு மணி நேரத்தில் உப்பும் பட்டுவிட்டது. கடைசி பதினொன்று விளக்கு வைத்த பிறகுதான் வந்தது, அதுவும் சாக்கில் சுருட்டி. பிரித்தபோது உள்ளே உடம்புச் சூடு அப்படியே இருந்தது.

ஆகஸ்ட் 6

படகு இல்லை. முக்கொம்பு அணையில் கொள்ளிடத்துப் பக்கம் தண்ணீரைத் திறந்துவிட்டார்களாம்.

ஆகஸ்ட் 6, மாலை

காலையில் அடுக்கைப் பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். 27இல் சவ்வுப் பக்கம், அதாவது மயிருக்கு எதிர்ப்பக்கம், இளஞ்சிவப்பு மங்கி, சாம்பல் நீலமாக மாறியிருக்கிறது. ஒவ்வொரு உப்புக் கல்லும் பாதி கரைந்து, தன்னைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறது. இப்படித்தான் இருக்க வேண்டும். விடிந்து பார்க்கும்போது கரையாத கல் கொஞ்சமாவது கண்ணில் படணும். எல்லாமே கரைந்து போயிருந்தால் உப்பு பத்தவில்லை என்று அர்த்தம்.

பதினொன்றில் கழுத்து மடிப்பில் கல்லே இல்லை. கழுத்து, கால், வால் அடி மூன்றும் தடிப்பு. ராத்திரி அவசரத்தில் நடுவில் அள்ளிப் போட்டுவிட்டு ஓரத்தைக் கவனிக்கவில்லை. ஓரம் சுருண்டு உள்ளே மடிந்துகொண்டால் அந்த மடிப்புக்குள் உப்பு போகாது. அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும். மூட்டையில் மிச்சமிருந்த இரண்டு கிலோவையும் அந்த ஓரங்களுக்கே தேய்த்தாயிற்று.

உப்பு வேதாரண்யத்துக் கல் உப்பு, புழுங்கலரிசிப் பருமன். தூள் உப்பு ஒரே நேரத்தில் கரைந்து ஓடிவிடும். பெரிய கல் தோலில் குழி போட்டுவிட்டு, இடையில் வெற்றிடம் விடும். பரவாயில்லை, இது நல்ல உப்பு. அம்பாரத்தில் ஒரு மழை பார்த்து, கசப்பு நீர் வடிந்த பழைய உப்பு. புது உப்பில் மெக்னீசியம் அதிகம், ஆற்று ஈரக்காற்றிலேயே கசிய ஆரம்பித்துவிடும்.

மூட்டைக்கு அரைக்கிலோ போரிக் பவுடர் கலந்தாயிற்று. கடல் உப்போடு வரும் நுண்ணுயிர் உப்பிலேயே வளரும். சில வாரம் கழித்து சவ்வில் ரோஸ் நிறத் திட்டாகத் தெரியும். இப்போது ஒன்றும் தெரியாது.

ஆகஸ்ட் 7

தண்ணீர் ஏறுகிறது. கீழ்ப் படுகை வாழை முழங்கால் வரை.

ஆகஸ்ட் 7, இரவு

அடுக்கை மேட்டுக்கு மாற்றினோம். கீழே செங்கல், அதன் மேல் தென்னம் பலகை. நடு உயரமாகவும் இரண்டு பக்கமும் சரிவாகவும் வைத்து, மயிர்ப் பக்கம் கீழே, சவ்வு மேலே வரும்படி அடுக்கினோம். இடுப்புயரத்துக்கு மேல் ஏற்றவில்லை. வடிகிற உப்புத் தண்ணீர் நின்றால் அடித்தட்டு அதிலேயே ஊறும். அது ஓடியாக வேண்டும், ஆனால் கத்தரிப் பாத்திக்குப் போகவும் கூடாது. பள்ளம் வெட்டி, பாத்திப் பக்கம் கரை கட்டி வைத்திருக்கிறது. உப்புத் தண்ணீர் இறங்கிய மண்ணில் அடுத்த நாற்று பிடிக்காது.

மாற்றும்போது அந்தப் பதினொன்றின் நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு. சரியாக உப்புப் பட்ட அடுக்குக்குள் கை குளிரணும்.

"ஆத்துத் தண்ணில ஒரு அலசு அலசிப் போடலாமாண்ணே?" என்று கேட்டான் தம்பி. கூடவே கூடாது. இது வெள்ளத் தண்ணீர். சாணம், சேறு, அழுகல் எல்லாம் அதில்தான் வருகிறது. இருக்கிற உப்பும் கரைந்து போகும்.

ஆகஸ்ட் 8

மயிர் இழுத்துப் பார்த்தேன். 27இல் ஒன்றில்கூட வரவில்லை.

பதினொன்றில் மூன்றில் வயிற்றுப் பக்கம் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் சும்மா பிடித்தாலே கொத்தாகக் கையோடு வருகிறது. மயிர் வேர் கழன்றால் அதன் மேல்தோலும் கூடவே போகும். பதனிட்டாலும் அந்த இடத்தில் பளபளப்பு வராது, சொரசொரவென்றே நிற்கும். மூக்கருகில் கொண்டுபோனால் நவச்சார வாடை.

உப்பு இல்லை. மிச்சமுள்ள எட்டையாவது காய வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, மாலை

எட்டையும் உப்பு தட்டி, ஒட்டிக் கிடந்த கொழுப்பையும் சவ்வையும் மழுங்கிய கத்தி முதுகால் வழித்தாயிற்று. கூர்ப் பக்கம் பட்டால் கீறல் விழும், கீறல் விழுந்தால் விலை பாதி. கொழுப்பு இருந்த இடம் காயாது, உப்பும் உள்ளே போகாது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

மூங்கில் சட்டத்தில் கயிறு கோத்து இழுத்துக் கட்டியிருக்கிறது. சவ்வுப் பக்கம் காற்றைப் பார்த்து, கொட்டகை நிழலில். கயிற்றைத் தெறிக்க இழுக்கவில்லை. காயும்போது தோல் சுருங்கும், அப்போது ஓட்டை கிழியும். தவிலின் இடப்பக்கத்துக்கு ஆட்டுத்தோல் கட்டுகிறவர்களுக்கு இந்த இழுவைக் கணக்கு நன்றாகத் தெரியும்.

வெயிலில் போடச் சொல்கிறார்கள். போட மாட்டேன். மேல் பக்கம் வெந்து கண்ணாடி மாதிரி விறைத்துக்கொள்ளும், உள்ளே ஈரம் அடைபட்டுக் கிடக்கும். பார்வைக்குக் காய்ந்த தோல். பதனிடும் இடத்தில் ஊறப் போட்டதும் அந்த இடம் கூழாகிப் பொத்தல் விழும். ஆடிக் காற்று இருக்கிறது, அது போதும்.

ஆகஸ்ட் 9

காற்று நின்றுவிட்டது. தூறல்.

ஆகஸ்ட் 9, இரவு

சட்டத்து அடியில் ரெண்டு சட்டியில் கரி. புகை வரக் கூடாது, சூடும் தோலைத் தொடக் கூடாது, கை வைத்தால் இளஞ்சூடு, அவ்வளவுதான். ஈரக்காற்றை நகர்த்த மட்டும். ஈ வந்துவிட்டது. காதடியிலும் கால் மடிப்பிலும் வெள்ளையாக முட்டை. வழித்து நெருப்பில் போட்டேன்.

ஆகஸ்ட் 10

27 நன்றாக இருக்கிறது. எழுத வேண்டியதில்லை.

எட்டில் முதுகு விறைத்துவிட்டது, தட்டினால் சத்தம் வருகிறது. கழுத்து இன்னும் ரப்பர் மாதிரி வளைகிறது. ஐந்தாவது சட்டத்தில் தொடையருகில் உள்ளங்கை அளவுக்கு நிறம் பச்சையடித்திருக்கிறது. அந்த இடத்தில் இழுத்தால் மயிர் வருகிறது. நாலு விரல் தள்ளி இழுத்தால் வரவில்லை.

படகு நாளைக்கு என்கிறார்கள். நேற்றும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 11, விடியற்காலை

ஐந்தாவதில் நாலு விரல் தள்ளியும் வருகிறது. ஏழாவதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.