வயர் கட்டுகளை எப்படிப் பிடித்து வைப்பது?

விமானத்தின் உட்புறப் பலகையைக் கழற்றியதும், சட்டங்களை ஒட்டிச் செல்லும் வயர் கட்டுகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பறக்கும் நேரம் முழுவதும் அதிர்வு ஓயாததால், தளர்வாகக் கிடக்கும் வயர் பக்கத்து உலோக விளிம்பில் உரசி உரசிக் காப்புறையை இழக்கும். அளவுக்கு மீறி இறுக்கிய வயரோ கட்டிய இடத்திலேயே நசுங்கும்.

இவ்விரண்டையும் தவிர்ப்பதில் மெழுகு பூசிய நைலான் நூலுக்கு இணையானது வேறில்லை என்பது என் கருத்து. நூலைக் கட்டின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேலேயே குறுக்காகக் கடத்தி, மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை அந்தக் குறுக்கின் அடியில் நுழைத்து இழுக்க வேண்டும். அதன் மேல் போடும் முடிச்சில் முதல் மடிப்பு இடமிருந்து வலமாகப் போனால், இரண்டாவது வலமிருந்து இடமாகப் போக வேண்டும்; இரண்டையும் ஒரே திசையில் போட்டால் முடிச்சு வழுக்கிவிடும். பிளாஸ்டிக் டை, அதாவது இழுத்து இறுக்கும் பட்டை, வேகமாகப் போடக்கூடியதுதான். ஆனால் அதன் வால் சரியாக வெட்டப்படாவிட்டால், மிஞ்சும் கூர்முனை பக்கத்து வயரையும் அடுத்து வேலை செய்பவரின் கையையும் கீறும். அதிர்வு மிகுந்த பகுதிகளிலும் சக்கர அறையிலும் அதைத் தவிர்க்குமாறு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பராமரிப்பு வழிகாட்டி சொல்கிறது.

வயர் கட்டை விமானச் சட்டத்தோடு இணைப்பது ரப்பர் மெத்தை வைத்த கிளாம்ப் என்னும் உலோகப் பிடிப்பு. அதே வழிகாட்டியின்படி, இரண்டு கிளாம்புகளுக்கு இடைப்பட்ட வயரைக் கையால் மெல்ல அழுத்தினால் அது அரை அங்குலத்துக்கு மேல் தொய்யக்கூடாது. கிளாம்புகள் 12 அங்குலத்துக்கு மேல் விலகியிருந்தால் இடையில் நூல் கட்டும் வேண்டும். எரிபொருள் குழாய் அருகில் ஓடினால் வயர் அதற்குச் சம மட்டத்திலோ மேலாகவோதான் போக வேண்டும். அந்தக் குழாயையே தாங்கலாக வைத்து வயரைக் கட்டவே கூடாது.

1998 செப்டம்பர் 2 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் அருகே கடலில் விழுந்த சுவிஸ்ஏர் 111 விமானத்தில் 229 பேர் இறந்தனர். விமானி அறையின் கூரைக்கு மேல் வயரில் எழுந்த மின்பொறி, அருகிலிருந்த வெப்பக் காப்புப் போர்வையைப் பற்றவைத்திருக்க வேண்டும் என்று விசாரணை முடிவுக்கு வந்தது. 2007இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பெரிய பயணிகள் விமானங்களின் வடிவமைப்பு விதிகளில் வயரிங்குக்கென்றே தனிப் பகுதி ஒன்றைச் சேர்த்தது.

பழைய விமானங்களில் கிளாம்பின் மெத்தையை நான் தனியாகப் பார்ப்பேன். எண்ணெய் ஊறி ரப்பர் உப்பியிருக்கும், அல்லது காய்ந்து வெடித்து உலோகப் பட்டை நேராக வயரைத் தொட்டுக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து அது தெரியாது. திருகைத் தளர்த்தி, வயர் கட்டைச் சற்றே நகர்த்தி, விளக்கடித்துப் பார்த்தால்தான் தெரியும்.