இந்தக் கண்ணாடி இறங்குமா?

அன்றைக்கு நான் சொன்ன பதில் தவறு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரு கார் மாடலின் கதவுக் கண்ணாடி கீழே இறங்குமா என்று கேட்டார்கள், இறங்காது என்றேன். இன்றைக்கு அந்த டேட்டாவை மறுபடி திறந்து பார்த்தாலும் அதே பதில்தான் வரும். இருந்தும் டிசைனைப் பார்த்து முடிவெடுக்கும் அந்த ரிவ்யூ கூட்டம் இன்னும் என்னை விட்டபாடில்லை. வேறு ஏதோ வேலையில் இருக்கும்போதுகூட அந்தக் கேள்வி வந்து நிற்கும். வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். அப்புறம், வேறு எப்படிச் சொல்ல முடியும் என்றும் தோன்றும்.

இத்தாலியின் டூரினில், கண்காட்சிக்கான ஷோ கார் செய்துகொடுக்கும் சிறிய ஸ்டுடியோ அது. வந்திருந்த வேலை ஒரு பெரிய இரண்டு கதவு கூபே. நீளமான பானெட், முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே தாராளமான இடைவெளி, பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கும் தூணான பி-பில்லர் கிடையாது. டிசைன் எங்கள் குழுவிலேயே வயதில் இளையவளுடையது. அவள் ஸ்கெட்சை ஏலியஸ் என்ற மென்பொருளில் முப்பரிமாண சர்ஃபேஸாகக் கட்டும் மாடலர் நான். கிளே மாடலர்கள் அதை மாடல் களிமண்ணில் மில்லிங் செய்து, கையால் இழைத்து, முழு அளவு மாடலாக்கினார்கள்.

ஆடம்பரக் கூபே என்பது விசித்திரமான வண்டி. ஐந்து மீட்டரை ஒட்டி நீளம் இருக்கும், உள்ளே வசதியாக உட்காருவது இரண்டு பேர்தான். எதற்கும் உதவாத இடத்தை அழகாக விட்டுவைக்க முடிவதுதான் அதன் ஆடம்பரம். அவள் அந்த இடத்தையெல்லாம் பின்பக்கத் தோளில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாள். பக்கக் கண்ணாடி முன்னாலிருந்து பின்னால் போகப் போக உள்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். இந்த உள்சாய்வை டம்பிள்ஹோம் என்போம். மேலிருந்து பார்த்தால் கேபின் குறுகிக்கொண்டே போய் முடியும், பின் சக்கரத்துக்கு மேலே உடம்பு மட்டும் அகலமாக நிற்கும், அதுதான் தோள். கிளேயில் வெள்ளி ஃபிலிம் ஒட்டி, கண்ணாடி இருக்கும் பகுதிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டி, முதன்முதலாக வெளியே முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது அந்தத் தோளில் விழுந்த ஹைலைட்டை, அந்த ஒளிக்கோட்டை, நான் பார்த்தேன். முன் ஃபெண்டரில் கம்பிபோல மெல்லியதாகத் தொடங்கி, கதவு முழுக்க அப்படியே வந்து, பின் சக்கரத்தை நெருங்கும்போது மெதுவாக விரிந்து, எங்கே முடிந்தது என்று கண்ணுக்குப் பிடிபடாமல் கரைந்தது. ஸ்கெட்சில் அந்தக் கரைவு கிடையாது. அது நான் கொண்டுவந்தது. பின்னால் அவளோடு நடந்த பேச்சுக்கு இது முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

கதவுக் கண்ணாடி இறங்குவது கேட்க எளிய விஷயம். ஆனால் ஒரு காரின் பக்கவாட்டு வடிவத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பதே அதுதான். கண்ணாடியும் கதவுத் தகடும் சேரும் பெல்ட்லைனில் இரண்டு ரப்பர் பட்டைகளுக்கு நடுவே மெல்லிய பிளவு ஒன்று இருக்கிறது. கண்ணாடி அது வழியாகத்தான் கதவுக்குள் போக வேண்டும். தட்டைக் கண்ணாடிக்கு இதில் சிரமமே இல்லை. வளைந்த கண்ணாடி என்றால், வளைந்த வாள் அதே வளைவுள்ள உறைக்குள் போவதுபோல, அது தன்மேலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அதற்கு வளைவு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்தாக வேண்டும். கொஞ்சம் முறுக்கு இருந்தாலும், அதுவும் சீரான முறுக்கு என்றால் சமாளிக்கலாம். அவள் வரைந்ததில் முன்னால் ஒரு வளைவு, பின்னால் வேறு வளைவு, முறுக்கு கூடிக்கொண்டே போனது. அந்த அழகே அதில்தான் இருந்தது. போதாக்குறைக்கு, பி-பில்லர் இல்லாத கூபேயில் பின் கண்ணாடியும் இறங்கினால்தான் பக்கம் முழுசாகத் திறக்கும். அது இறங்க வேண்டிய இடத்தில் சக்கரக் கூடு உட்கார்ந்திருக்கிறது.

ரிவ்யூவில் வாடிக்கையாளர் தரப்பிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் தலைவர் வழக்கம்போலப் பேசாமல் காரைச் சுற்றி வந்தார். பின் மூலையில் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தோளை வெகுநேரம் பார்த்தார். எழுந்தவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“இந்தக் கண்ணாடி இறங்குமா?”

“இந்த வளைவில் இறங்காது.”

“இறங்க வைக்க என்ன செய்யணும்?”

“டம்பிள்ஹோமைக் குறைக்கணும், முறுக்கை எடுக்கணும். கூரை ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே வரும்.”

“சரி, செய்ங்க.”

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அடுத்து வீல் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

கண்ணாடி நிமிர்ந்தது. கூரை அகன்றது. கூரை அகன்றால் தோள் இளைக்கும், அதற்கு மாற்று கிடையாது. கிளேயில் ஏற்கெனவே இருந்ததைச் சுரண்டி எடுத்து, சூடாக்கிய புதுக் கிளேயைக் கூரையோரம் அப்பி, மறுபடி இழைத்தார்கள். ஹைலைட்டை நான் முடிந்தவரை காப்பாற்றினேன். ஆனால் அது கரைந்து போவதற்கு அங்கே இடம் இல்லை. ஒரு கோடாக வந்து கோடாகவே முடிந்தது. மோசமான கார் இல்லை, நல்ல கார்தான். ஷோவில் பாராட்டினார்கள், படங்கள் வந்தன. பார்த்தவர்களுக்கு எதுவும் குறையாகத் தெரிந்திருக்காது. முதல் தோளை அவர்கள் பார்த்ததில்லையே.

அவள் என்னிடம் கேட்டது ரிவ்யூ நடந்த அன்று சாயங்காலம். சண்டைக்கு வரவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“நீ சொன்னது பொய் இல்ல. ஆனா இது ஷோ கார். கண்ணாடி அக்ரிலிக், ஒட்டித்தான் வைக்கப்போறோம். அது இறங்கவே வேண்டியதில்ல. உனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதை ஏன் சொல்லல?”

“அவர் அதைக் கேக்கலையே.”

“நான்கூடத்தான் கேக்கல. என் ஸ்கெட்ச்ல இல்லாத ஹைலைட்டை நீயாத்தானே கொண்டுவந்த?”

இதற்கு என்னிடம் அப்போதும் பதில் இல்லை.

என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரிவ்யூவில் டிசைனர் தன் டிசைனுக்காகப் பேசுவார், இன்ஜினியர் தன் கணக்குக்காகப் பேசுவார். மாடலரிடம் ஒரு கேள்வி வருகிறது என்றால், அவருக்கு இரண்டு பக்கமும் சாய வேண்டிய அவசியம் இல்லை என்பதால்தான் வருகிறது. அந்த நம்பிக்கை போய்விட்டால் என் வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை. இன்னொன்றும் உண்டு. கான்செப்ட் காரில் செய்ய முடியாததையெல்லாம் காட்டிவிட்டு, பின்னால் விற்பனைக்கு வரும் காரில் அது ஒவ்வொன்றாக உதிர்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. மேடையில் பார்த்ததுதான் வரும் என்று காத்திருப்பவர்களுக்கு அது நியாயம் இல்லை. முதல் கான்செப்ட் கார் என்று பலரும் சொல்லும் ப்யூக் ஒய்-ஜாப், 1938-இல் ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் தலைவர் ஹார்லி ஏர்ல் செய்தது. அதில் கண்ணாடி மின்சாரத்தில் இறங்கியது, ஹெட்லைட் மறைந்துகொண்டது, ஏர்ல் அதைத் தன் சொந்த வண்டியாக ஓட்டிக்கொண்டு திரிந்தார். இந்தத் தொழில் தொடங்கியதே ஓடுகிற, கண்ணாடி இறங்குகிற காரில்தான்.

இப்படி நினைக்கும்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அது நீடிக்காது. நாங்கள் இருந்த அதே ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 டூரின் ஷோவில் பெர்டோனே என்ற டிசைன் நிறுவனம் வைத்த ஸ்ட்ராடோஸ் ஸீரோ காரின் உயரம் 84 சென்டிமீட்டர். முன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அது வழியாகத்தான் உள்ளே ஏற வேண்டும். அதன் ரிவ்யூவில் ஒரு மாடலரைப் பார்த்து, “இதில் ஒருவர் சாதாரணமாக ஏறி இறங்க முடியுமா” என்று கேட்டிருந்தால்? அவரும் உண்மையைத்தான் சொல்லியிருப்பார். அந்தக் கார் இருந்திருக்காது.

சரி, அது கூபே உலகத்தின் தீவிர எல்லை, எங்கள் காரோடு ஒப்பிட முடியாது என்று விட்டுவிடலாம். விட முடியாத உதாரணம் ஒன்று உண்டு, அதுவும் டூரின் பக்கத்திலேயே. மொன்காலியேரியில் இருக்கும் இட்டால்டிசைன் ஸ்டுடியோ, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டிசைனர் ஜியுஜாரோ. அவர் ஜப்பானின் சுபாருவுக்கு வரைந்த எஸ்விஎக்ஸ் கூபே 1989 டோக்கியோ ஷோவில் கான்செப்டாக நின்றது. விமானத்தின் விதானத்தைப் போல அதன் பக்கக் கண்ணாடி கூரைவரை வளைந்து ஏறும். அந்தக் கண்ணாடி கதவுக்குள் இறங்கவே இறங்காது, யாருக்கும் சந்தேகம் வேண்டாம். 1991-இல் அது விற்பனைக்கு வந்தபோது வளைவை எடுக்கவில்லை. கண்ணாடிக்குள் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினார்கள், அது மட்டும் இறங்கும். எதிர்பார்த்த அளவு அந்தக் கார் விற்கவில்லை. அந்த ஜன்னலைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் வடிவம் பிழைத்தது. “இறங்காது” என்பதற்கும் “வளைவை எடு” என்பதற்கும் நடுவே ஒரு வழி இருந்தது, யாரோ அதைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். எனக்கு எஸ்விஎக்ஸ் பற்றி அன்றைக்கே தெரியும். தலைவருக்கும் தெரியாமல் இருக்காது. அவர் என்ன செய்யணும் என்று கேட்டபோது அது என் வாயில் வரவில்லை. கேட்ட கேள்விக்கான நேர் பதில்தான் வந்தது.

லெக்ஸஸ் எல்சி கூபேயின் கதையும் எனக்கு ஆறுதல் தருவதாக இல்லை. எல்எஃப்-எல்சி கான்செப்ட் 2012 ஜனவரியில் டெட்ராய்ட் ஷோவில் வந்தது, கலிஃபோர்னியாவில் இருக்கும் டொயோட்டாவின் கால்ட்டி ஸ்டுடியோ செய்தது. அவ்வளவு தாழ்ந்த பானெட்டுக்குக் கீழே கையிலிருந்த சஸ்பென்ஷன் அடங்காது, அவ்வளவு மெல்லிய முகப்பில் கையிலிருந்த ஹெட்லைட் அடங்காது. 2016 ஜனவரியில் அதே டெட்ராய்ட்டில் விற்பனைக் கார் வந்து நின்றபோது, பானெட் தாழ்வாகவே இருந்தது. முன் சஸ்பென்ஷனைப் புதிதாகச் செய்திருந்தார்கள், சின்ன எல்ஈடி விளக்குகளையும் புதிதாகச் செய்திருந்தார்கள். முடியாது என்ற பதிலை வடிவத்தின் முடிவாக எடுத்துக்கொள்ளாமல், வேலையின் தொடக்கமாக எடுத்துக்கொண்டால்தான் அப்படி நடக்கும். அங்கேயும் யாரோ ஒருவர் ஆரம்பத்தில் “இது அடங்காது” என்று உள்ளதை உள்ளபடி சொல்லித்தானே இருப்பார்? அவர் சொன்னதால் ஒன்றும் கெடவில்லை. அப்படியானால் கெடுப்பது பதில் இல்லை, அதைக் கேட்டவர் அடுத்துச் செய்வதுதான். அப்படியென்றால் என்மேல் எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் எப்போதும் நின்றுவிடப் பார்க்கிறேன், நிற்க முடிவதில்லை. ஏனென்றால் தலைவர் ஏன் அதைக் கேட்டார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. வாடிக்கையாளர் தரப்பு இன்ஜினியர் பக்கத்தில் நின்றார். அவர் கேட்பதற்குமுன் நாமே கேட்டு முடித்துவிடலாம் என்று கேட்டிருக்கலாம். அப்படியென்றால் நான், “இறங்காது, ஆனால் ஷோவுக்கு இது போதும், பின்னால் வழி தேடலாம்” என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். நான் அதைச் சொல்லாததால் அவரும் பின்வாங்க வழியில்லாமல் “செய்ங்க” என்றிருப்பார். இல்லை, தோள் அவருக்கே பிடிக்காமல் போயிருக்கலாம். ஒரு இளம் டிசைனரிடம் நேராக அதைச் சொல்லாமல், கண்ணாடிமேல் பழியைப் போட்டுக் கழற்றிவிட்டிருக்கலாம். அப்படியென்றால் நான் என்ன சொல்லியிருந்தாலும் வடிவம் போயிருக்கும். அவர் அவ்வளவு நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்ததைப் பிடித்துப் பார்த்தாரா, பிடிக்காமல் பார்த்தாரா என்று என் மனதுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை. அவரிடமே கேட்டிருக்கலாம். அவர் அங்கிருந்த காலம்வரை நான் கேட்கவில்லை.

எங்கள் கார் ஷோவில் சுழலும் மேடையில் நின்றது. கதவு பேட்டரியில் திறந்தது. மனிதர் நடக்கும் வேகத்தில் தானாக நகரவும் செய்தது. பக்கக் கண்ணாடி, அவள் சொன்னதுபோலவே, அக்ரிலிக்கில் வெட்டி ஒட்டியது. கதவுக்குள் அதை இறக்கும் மோட்டாரோ தண்டவாளமோ கிடையாது. இறங்கக்கூடிய வளைவு கொடுத்து, இறங்காதபடி ஒட்டினோம். இரண்டு மூன்று வருடத்தில் ரோட்டுக்கு வரலாம் என்று வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருந்த கார், வரவே இல்லை. வராத காருக்காக அந்தத் தோளை விட்டுக்கொடுத்தோம் என்று அவள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அதே சமயம், தோள் அப்படியே இருந்திருந்தால் மட்டும் கார் வந்திருக்குமா என்ன?

2024 டிசம்பரில் மயாமியில் ஜாகுவார் டைப் 00 கூபேயைத் திரைவிலக்கியபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. பின்பக்கக் கண்ணாடியே இல்லாத கார். எனக்கு அந்தப் பின்பக்கத்தைப் பார்த்ததும் முதலில் தோன்றியது அழகா இல்லையா என்பது இல்லை. அந்த ரிவ்யூவில் யார் யாரிடம் என்ன கேட்டிருப்பார்கள், “பின்னால் எப்படித் தெரியும்” என்ற கேள்வி வந்தபோது பதில் சொன்னவர் எவ்வளவு சொன்னார், எதோடு நிறுத்திக்கொண்டார் என்பதுதான்.

அவள் இப்போது வேறு நாட்டில், விற்பனைக் கார்கள் செய்யும் பெரிய ஸ்டுடியோவில் இருக்கிறாள். கடைசியாகப் பேசியபோது, தன்னிடம் வரும் இளம் டிசைனர்களின் ஸ்கெட்சுகளில் கண்ணாடி இறங்குமா என்று தான்தான் முதல் ஆளாகக் கேட்பதாகச் சொன்னாள். அதை எனக்குச் சமாதானமாகச் சொன்னாளா, வருத்தத்தில் சொன்னாளா தெரியவில்லை. நானும் மாறித்தான் இருக்கிறேன். ரிவ்யூவுக்கு முந்தின நாள் டிசைனரைக் கூப்பிட்டு, எது செய்ய முடியும், எது ஷோவுக்கு மட்டும், கேட்டால் எதுவரை சொல்லலாம் என்று பேசிவைத்துக்கொள்கிறேன். இதனால் ஒன்றிரண்டு நல்ல வடிவங்கள் தப்பியிருக்கின்றன. ஆனால் முன்கூட்டியே பேசிவைத்த பதிலைச் சொல்லும்போது, கேட்பவர் என்னிடம் கேட்பது நான் யார் பக்கமும் இல்லை என்று நம்பித்தானே என்ற உறுத்தல் வருகிறது. அந்த வடிவங்களைப் பார்க்கையில் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்த உறுத்தலும் போகவில்லை.