‘பதுங்குகுழி’ என்று எழுதியதால் வந்த வினை

சில ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூர்த் தமிழ்த் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு வசனம் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி விடியுமுன் விழுந்த முதல் குண்டு தொடங்கி, 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை சரணடைந்தது வரை, சிராங்கூன் சாலையை ஒட்டி வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பம் எப்படி உயிரைக் காத்துக்கொண்டது என்பதுதான் கதை. துப்பாக்கி ஏந்திய நாயகன் யாரும் அதில் இல்லை. அதனாலேயே ஆசையோடு ஒப்புக்கொண்டேன்.

நாலாவது அங்கத்தின் காட்சிக் குறிப்பில், ‘குடும்பம் பதுங்குகுழிக்குள் ஓடுகிறது’ என்று எழுதினேன். ஈழப்போர்ச் செய்திகளைப் படித்தே வளர்ந்த கை, யோசிக்காமல் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டது. எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்து தருபவர்கள் கலைப்பிரிவினர்; மரச்சட்டம் அடித்து, மணல்மூட்டை அடுக்கி, இறங்குவதற்குப் படிகூட வைத்து, இரண்டே நாளில் ஒரு குழியை எழுப்பிவிட்டார்கள். பார்க்க அழகாகவே இருந்தது.

அந்த வாரம், எங்கள் புளோக்கில் கீழ்மாடியில் இருந்த பாட்டியிடம், எடுத்திருந்த படத்தைப் பெருமையாகக் காட்டினேன். ஜப்பான்காரன் வந்தபோது அவருக்கு ஏழு வயது. கைப்பேசியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தவர், “குழியா? இந்த ஊர்ல எங்க தோண்டினாலும் தண்ணி வருமே தம்பி. சங்கு ஊதினா நாங்க லோங்காங்லதான் போய்ப் படுப்போம்” என்றார். சங்கு என்று அவர் சொன்னது அபாயச் சைரனை; லோங்காங் என்றது சாலையோரச் சாக்கடையை.

பிறகுதான், முதலிலேயே படித்திருக்க வேண்டியவற்றைத் தேடிப் படித்தேன். தாழ்வான தீவு, நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குழி வெட்டினால் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகும் என்பதும் அன்றைய அதிகாரிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. (குண்டுக்கு முன்னால் கொசுவைப் பற்றிக் கவலைப்பட்ட நிர்வாகம் என்று சிரிக்கத் தோன்றியது, எங்கள் படப்பிடிப்புத் தளத்திலும் வாளியில் தண்ணீர் தேங்கக் கூடாதென்று ஓர் ஆள் சுற்றிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கியது.) தியோங் பாருவில் குவான் சுவான் தெரு 78ஆம் புளோக்கின் அடியில் கட்டப்பட்டது போன்ற முறையான காப்பிடங்கள் மிக அரிது. மலாயாவிலிருந்து ஓடிவந்தவர்களையும் சேர்த்துத் தீவின் மக்கள்தொகை 10 லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. சாக்கடையிலும், கடைவீட்டு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையான அஞ்சடியிலும், மாடிப்படிக்கு அடியிலும் ஒண்டியவர்கள்தான் பெரும்பாலோர். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்தவர்களும் பலர். அந்தக் கோயிலுக்குச் சேதம் ஏதும் நேரவில்லை.

அமைத்த குழியைப் பிரித்தார்கள். அந்தச் செலவு யார் கணக்கில் ஏறியது என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. நான் வசனம் முழுவதையும் மீண்டும் ஒருமுறை சலித்தேன். ‘சைரன் ஒலிக்கிறது’ என்று நான் எழுதியிருந்த இடங்களிலெல்லாம் பாட்டியின் சங்கு ஊதியது. ‘வடிகால்’ லோங்காங் ஆனது. ‘நடைபாதை’ அஞ்சடி ஆனது. சொல் மாறியதும் ஆட்கள் நிற்கும் விதமே மாறிவிட்டது. குழிக்குள் குடும்பம் வட்டமாக உட்கார்ந்து பேசலாம்; லோங்காங்கில் வரிசையாகக் குப்புறப் படுக்கத்தான் முடியும், ஒருவர் முகத்துக்கு நேரே இன்னொருவர் பாதம் இருக்கும்.

அப்படியும் இயக்குநர், படுத்திருக்கும் அப்பாவுக்கு அரைப் பக்க வீரவசனம் கேட்டார். எழுதிப் பார்த்தேன், வாயில் சேறு படும் நிலையில் எவரும் அப்படிப் பேசமாட்டார் என்று தோன்றியது. ஒரு மாலை, குண்டுவீச்சு நேர்ந்தால் ஒதுங்குவதற்கென்று வீட்டுக்குள்ளேயே கட்டியிருக்கும் காப்பறைக்குள் போய் அந்தக் கனத்த இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டேன். 1996க்குப் பிறகு கட்டப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடு என்பதால் எங்களுக்கும் ஓர் அறை உண்டு. அரிசி மூட்டைக்கும் தீபாவளி முறுக்கு டின்னுக்கும் பையனின் உடைந்த சைக்கிளுக்கும் நடுவே, நான் உட்காரும் அளவுக்குத்தான் அதில் இடமிருந்தது. பத்து நிமிடம் இருந்தேன். சாவைப் பற்றியோ நாட்டைப் பற்றியோ ஒரு நினைப்பும் வரவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தோமா என்ற ஒன்றுதான் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்து அரைப் பக்கத்தையும் அடித்து நீக்கினேன். குண்டு விழும் ஓசைக்கு நடுவே, பிள்ளையின் காதைப் பொத்தியிருக்கும் அம்மா, “அடுப்புல கஞ்சி கொதிச்சுக்கிட்டிருக்கே” என்கிறாள். அப்பா, “பேசாம படு” என்கிறார். காட்சிக்கு வசனம் அவ்வளவுதான். இயக்குநர் முகம் சுளித்தார். ஆனால் ஒத்திகையில் அம்மாவாக நடித்தவர் அந்த வரியைச் சொன்ன விதத்தைக் கேட்டபின் மறுபேச்சுப் பேசவில்லை.

அங்கம் ஒளிபரப்பான இரவு, பாட்டி வீட்டில் அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். சங்கு ஊதியபோது முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குடும்பம் சேறும் சகதியுமாக வீடு திரும்பியது, கதவைத் திறந்தது, பெயர்கள் ஓடத் தொடங்கின. பாட்டி என் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கஞ்சி என்ன ஆச்சு தம்பி?”

அதை நாங்கள் யாருமே எழுதியிருக்கவில்லை.